ஹென்றியா, கமாராவா?

2023 என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) சீசன். நிஜ வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி சேர்க்கும் பேண்டஸி அணியில், ஒரே ஒரு ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) இடம்தான் மிச்சம் என்றால் யாரை இறக்குவது?

டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி 17 ஆட்டங்களில் 1,167 கெஜம் ஓடி 12 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டார். பிடித்த பந்துகள் வெறும் 28. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ஆல்வின் கமாரா தடை முடிந்து வந்து ஆடியதே 13 ஆட்டம், ஓட்டம் 694 கெஜம்தான். ஆனால் 75 பந்துகளைப் பிடித்தார்.

பிடிக்கும் பந்துக்கெல்லாம் ஒரு புள்ளி தரும் பேண்டஸி லீக்கா? கண்ணை மூடிக்கொண்டு கமாரா. அந்தப் புள்ளி இல்லையென்றால், ஆட்டச் சராசரியில் ஹென்றி கொஞ்சம் முந்துகிறார். சரி, அணி பின்தங்கி பாஸ் வீசத் தொடங்கினால்? ஹென்றி கைக்குப் பந்து வருவது குறைந்துவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் நான் அவரை பெஞ்சில் உட்காரவைப்பேன், வயிற்றில் புளியைக் கரைத்தபடி.