ஆர்சனல் மட்ச் பாக்க பொக்ஸ் வாங்கப் போறவை ஒருக்கா வாசிச்சுட்டுப் போங்கோ

18,500 ரூபா. அவ்வளவையும் முழுங்கின, இன்ரநெற்றால மட்ச் காட்டும் எண்டு வித்த பொக்ஸ் இப்ப ரீவிக்குக் கீழ நீல லைற்றை மட்டும் எரிச்சுக்கொண்டு கிடக்கு. நேற்று இரவு ஆர்சனல் – ரொட்டன்ஹாம் உதைபந்தாட்ட மட்ச், எங்கட நேரம் 10 மணிக்கு. தொடங்கக் கொஞ்சம் இருக்கேக்க எரர் எண்டு வந்தது, அதோட சரி. கடுப்பிலதான் எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தா விடுங்கோ.

கடையின்ர பேர் போடேல்ல. யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள போன் திருத்தி, ரீலோட் போட்டு, ஹெட்செற் விக்கிற கடையள்ல ஒண்டு.

மட்ச் பாக்க ஏதும் வழி இருக்கோ எண்டு கேட்டுத்தான் போனன். பொடியன் விலையே சொல்லேல்ல. "அண்ணை எந்த ரீம்?" எண்டான். ஆர்சனல் எண்டன். உடன கதிரையை இழுத்துப் போட்டான். "நானும்தான் அண்ணை! 2003-04 இல ஒரு மட்சும் தோக்காத ரீமெல்லோ" எண்டு தொடங்கி ஹென்றி, பேர்காம்ப், வியேரா எண்டு தேவாரம் மாதிரி ஒப்புவிச்சான். 38 மட்ச், 26 வெற்றி, 12 சமன். ஒரு இலக்கம் பிழையில்லை. பிறகு, "இங்கிலாந்திலயே சனிக்கிழமை 3 மணி மட்சை ரீவியில காட்டேலாது அண்ணை, எங்கட பொக்ஸில அதுவும் வரும்" எண்டான். அந்தத் தடையும் உண்மைதான், அங்கத்த நேரம் 2.45 இல இருந்து 5.15 வரைக்கும், ஆக்கள் மைதானத்துக்குப் போகோணும் எண்டு வைச்சது. சொன்னதில முக்கால்வாசி உண்மை. மிச்சத்துக்குத்தான் 18,500 ரூபா.

கடை ரீவியில ஒரு மட்ச் ஓடிக்கொண்டிருந்தது. புல்லு புல்லாத் தெரியிற தெளிவு. "இதே பொக்ஸ்தான் அண்ணை" எண்டு தட்டிக் காட்டினான். பொக்ஸும் ஒரு வருசச் சந்தாவும் சேர்த்து விலை. மாதம் மாதம் கட்டலாமோ எண்டு கேக்க, "உங்களுக்குத்தான் அண்ணை நட்டம்" எண்டான். பில் கேக்க, கடைக் கார்ட்டுக்குப் பின்பக்கம் திகதியைப் போட்டு "ஒரு வருசம்" எண்டு எழுதி, கீழ ஒரு கோடு கீறித் தந்தான்.

தொடக்கத்தில ஓடினது, இல்லையெண்டு சொல்லேல்ல. பிறகு கோல் அடிக்கிற நேரமாப் பாத்து வட்டம் சுத்தத் தொடங்கிச்சுது. பக்கத்து வீட்டில கத்தி முடிஞ்ச பிறகும் எங்கட ரீவியில பந்து நடுக்கோட்டிலதான் நிக்கும்.

போன் எடுத்தா "உங்கட வைஃபை ஸ்லோ அண்ணை." அதே வைஃபையில அம்மா கனடாவில இருக்கிற அக்காவோட மணிக்கணக்கா வீடியோ கோல் கதைக்கிறா. பிறகு "சேர்வர் அப்டேட்." பிறகு "கொழும்பில இருக்கிற அண்ணைதான் அதைப் பாக்கிறவர்." ஒக்டோபர் கடைசியில விட்டது எல்லாத்துக்கும் மேல: "லண்டனில நேரம் மாத்தினவங்கள் அண்ணை, அதுதான் சேர்வர் குழம்பிப்போச்சு." விசரனோ நான்? அங்க மணிக்கூட்டைப் பின்னுக்கு வைச்சா இஞ்ச 7.30 மட்ச் 8.30 க்கு வரும். படம் ஏன் நிக்கோணும்?

இண்டைக்குக் காலமை நேர போனன். கடை ரீவியில பழைய மட்ச் ஒண்டு, அதே தெளிவு. ஆனா காட்டின பொக்ஸில லைற்றே இல்லை. ரீவிக்குப் பின்னால இருந்து போற வயர் சுவரால ஏறிக் கூரைக்குப் போகுது. டிஷ்! மாதக் காசு கட்டிற சாதாரண டிஷ். "இது பொக்ஸ் இல்லையே தம்பி" எண்டன். "அது டெமோவுக்கு அண்ணை" எண்டான், முகத்தில ஒரு மாற்றமும் இல்லை. காசைத் தா எண்டா, "பொக்ஸ் பழுதில்லை அண்ணை, சந்தா எங்கட கையில இல்லை." கொழும்பு அண்ணையின்ர நம்பரைத் தா எண்டா, "அவர் கஸ்டமரோட கதைக்கமாட்டார்." வெளிய வந்து வட்ஸ்அப்பில போட்ட மெசேஜுக்கு இப்பவரைக்கும் ஒரு ரிக்தான். புளொக் பண்ணிப்போட்டான் போல.

என்ன செய்யலாம் எண்டு விபரமா எழுதத்தான் நினைச்சன், இப்ப மனசில்லை. ஒரு வருசக் காசு ஒரேயடியாக் குடுக்காதேங்கோ. கடையில காட்டினா வயரைப் பாருங்கோ. இந்த நாட்டில மட்ச் காட்டிற உரிமை ஆரிட்ட இருக்கு எண்டு, ஆர்சனல் விளையாடுற பிரீமியர் லீக்கின்ர இணையத்தளத்தில நாடு நாடாப் போட்டிருக்கு, முதல் அதைப் பாருங்கோ. கேட்டாப் போதும் எண்டா ஆர்சனலின்ர சொந்த அப்பில கொமன்ட்ரி சும்மா வரும். நேற்று அப்பிடித்தான் நான் கேட்டன். 90களில கரண்ட் இல்லாம சைக்கிள் டைனமோவைச் சுத்தி பிபிசி கேட்ட அப்பா பக்கத்தில இருந்து, "18,500 குடுத்து நீயும் ரேடியோதானே கேக்கிறாய்" எண்டு ஒரே சிரிப்பு.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சு முறையிடலாம், ஆனா கையில பில் இருக்கோணும். தரமாட்டன் எண்டா எழும்பி வாங்கோ. பின்பக்கம் கோடு கீறின கார்ட் வேற ஆரிட்டயும் இருந்தா சொல்லுங்கோ, சேர்ந்து போவம்.