மழைமாதத்துச் சிறு திருமணத்திற்கு மடக்குப் பந்தல்: டர்பனிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

டர்பன் நகரம் அமைந்துள்ள தென்னாப்பிரிக்க மாகாணமான க்வாசூலு-நாட்டாலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருமணப் பருவமும் மழைப்பருவமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வறண்ட குளிர்காலத்தில் ஆடி குறுக்கிடுகிறது. புரட்டாசியில் பல வீடுகளில் விரதம். மார்கழியில் முகூர்த்தம் வைப்பதில்லை. வைகாசியும் ஆவணியும் கிடைக்கும் என்றாலும், விடுப்பையும் உறவினர் வருகையையும் பார்த்தால் பலருக்குக் கார்த்திகையும் தையும்தான் வசதிப்படுகின்றன. தமிழ்நாட்டில் மழை ஓய்ந்து அறுவடை முடியும் தை மாதம், இங்கே நடுக்கோடையில், மழை மிகுந்த வாரங்களில் வருகிறது.

மணமக்கள் இருவர், சாட்சிகள் இருவர், குருக்கள் ஒருவர் என்ற அளவில், மண்டபமும் விருந்தும் இல்லாமல், திறந்த வெளியில் திருமணம் செய்துகொள்ள நானும் என் கணவரும் முடிவு செய்தபோது, இங்கு எல்லோரும் ‘கசீபோ’ என்று சொல்லும் மடக்குப் பந்தல் ஒன்றை விலைக்கு வாங்கினோம். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தின் புல்வெளியில் எங்கள் திருமணம் அதன் கீழ்தான் நடந்தது. அதன்பின் தம்பி, மைத்துனி, நண்பர்கள் என்று எங்களைப் போலவே சிறிய அளவில் மணம் முடித்தவர்கள் அனைவருக்கும் அதே பந்தல் சென்றுவந்திருக்கிறது. மிட்லண்ட்ஸ் என்னும் உள்நாட்டு மேட்டுநிலத்தின் மூடுபனித் தூறல், கடற்கரையின் தென்மேற்குக் காற்று, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டுக் கொல்லை ஆகிய எல்லா இடங்களிலும் அது நின்றதைப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவுள்ள இரும்புச் சட்டகம். கூரை, உட்புறம் நீர்காப்புப் பூச்சிட்ட பாலியெஸ்டர் துணி. ஐந்தாறு பேருக்கு இது தாராளம். நேராக விழும் மழையை இது நன்றாகவே தாங்குகிறது. மூன்று மணி நேரம் விடாமல் பெய்த தூறலில்கூட உள்ளே ஒரு சொட்டு விழுந்ததில்லை. துணியின் வழியாக நீர் கசிவதைவிட, துணியின் மேல் நீர் தேங்குவதுதான் உண்மையான தொல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர்; ஆகவே இந்தக் கூரையின் மேல் 20 மில்லிமீட்டர் மழை என்பது 180 லிட்டர். துணி சற்றே தொய்ந்திருந்தாலும் அந்த நீரில் ஒரு பகுதி ஓரங்களில் பை போலத் தொங்கும். அந்த எடையில் குறுக்குக் கம்பி வளைந்துவிடும். இதற்கு எளிய வழி உண்டு. மழைக்கு முன்பே ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும், உயரத்தை மாற்றுவதற்காக அவற்றில் உள்ள துளைகளில் ஒரு துளை அளவு தாழ்த்திவிட வேண்டும். கூரைத் துணியின் மூலைப் பட்டைகளை இழுத்துக் கட்ட வேண்டும். நீர் முழுவதும் ஒரே பக்கமாக வழிந்துவிடும். அந்தப் பக்கம் மணமக்கள் நடந்து வரும் பாதையாக இருக்கக்கூடாது.

மழையைவிட நான் அஞ்சுவது காற்றைத்தான். டர்பன் கடற்கரையில் காலையில் வெயிலும் வடகிழக்குக் காற்றுமாக இருந்து, குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று கடந்ததும் சில நிமிடங்களில் காற்று தென்மேற்காகத் திரும்பி, வெப்பம் இறங்கி, மழை சாய்வாக அடிக்கத் தொடங்கும். கடையில் பந்தலோடு தரும் மெல்லிய முளைகள் அந்தக் காற்றுக்கு ஈடாகா. நனைந்த மண்ணிலிருந்து அவை எளிதில் உருவிக்கொள்ளும். நாங்கள் ஒவ்வொரு காலிலும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கட்டுகிறோம். காலுக்கு 20 கிலோ எடை கிடைக்கிறது, வெறும் கேனைக் காரில் கொண்டுபோய் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். அதோடு நீண்ட முளைகளைப் பந்தலுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடித்து, நான்கு மூலைகளிலும் கயிறு இழுக்கிறோம். பக்கத் திரைகளைப் போடும்போது, காற்று வரும் பக்கத்தைத் திறந்து வைத்து எதிர்ப்பக்கத்தை மட்டும் மூடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை, பந்தல் கப்பற்பாய் போலாகிவிடும். வாழைமரங்களைப் பந்தற்காலில் கட்டுவதும் வேண்டாம். மங்கலத்திற்கு வாழை வேண்டும்தான். அவற்றைத் தனியே மண் நிரப்பிய வாளிகளில் நிறுத்தினால், இலைகளில் அடிக்கும் காற்று சட்டகத்தை அசைக்காது.

இடியின் முன் எந்தப் பந்தலும் பாதுகாப்பு ஆகாது, இரும்புக் கால் உள்ள பந்தல் அறவே ஆகாது. டிராக்கன்ஸ்பர்க் பகுதியிலும் மிட்லண்ட்ஸிலும் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், நம் மரபுப்படி காலை முகூர்த்தம் வைத்துக்கொண்டால், மேகம் மலைமேல் ஏறும் முன்பே தாலி கட்டி முடித்துவிடலாம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அனைவரும் வீட்டுக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. இதைக் குருக்களிடமும் முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது, ஏனெனில் மந்திரத்தின் நடுவில் நிறுத்தும்படி அவரிடம் சொல்ல யாருக்கும் நா எழாது. முந்தைய நாளே தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் எச்சரிக்கையோடு தொடர்கிறோம். அதற்கு மேல்நிலையான செம்மஞ்சள் என்றால் பந்தலை விரிப்பதே இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மாகாணம் இது. ஓடைக்கரையும் ஆற்றங்கரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் மழைமாதத்தில் அவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆகவே வீட்டை முதலில் பார்க்க வேண்டும், புல்வெளியைப் பிறகு பார்க்க வேண்டும், பந்தலைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டமும் இதற்கே துணை நிற்கிறது. 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழிபாட்டுக்குரிய கட்டடத்திலோ அரசு அலுவலகத்திலோ தனியார் வீட்டிலோ, கதவுகள் திறந்திருக்க, குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் திருமணத்தை நடத்தச் சொல்கிறது. புல்வெளியில் சடங்கு முடித்து, பதிவுக்கான உறுதிமொழியையும் கையொப்பத்தையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால், சட்டத்திற்கும் பொருந்தும், பதிவுத்தாளும் நனையாது. திருமணத்தைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்றவரா என்று குருக்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் அதிகாரமுள்ள வேறொருவரை அழைக்க வேண்டியிருக்கும்.

ஓமத் தீயைத் துணிக்கூரையின் கீழ் வளர்க்கக்கூடாது. பாலியெஸ்டர் துணி தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும். எங்கள் திருமணத்தில் ஓமத்தையும் தீவலத்தையும் ஓடு வேய்ந்த, தரையில் செங்கல் பரப்பிய வராந்தாவிலும், மாலை மாற்றுதலையும் தாலி கட்டுதலையும் பந்தலிலும் என்று பிரித்துக்கொண்டோம்; குருக்கள் தயக்கமின்றி இசைந்தார். பந்தலில் கண்ணாடிக் கூண்டிட்ட விளக்கு மட்டும் இருந்தது. மழைக் காற்றின் ஈரத்தில் அட்சதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் அதை மூடியுள்ள டப்பாவில் வைத்து, தூவும் நேரத்தில் திறக்க வேண்டும். புதிதாக மஞ்சள் தோய்த்த தாலிக்கயிறு நனைந்தால் மஞ்சள் கழுத்திலிருந்து வழிந்து பட்டில் இறங்கும். இரண்டு நாள் முன்பே தோய்த்து நிழலில் காயவைத்த கயிறு அவ்வளவாகச் சாயம் விடுவதில்லை. கோலத்தைத் தரையில் போடாமல் மணைப்பலகையில் போட்டோம். என் மைத்துனி கூறைப்புடவையின் கரையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு புல்வெளியைக் கடந்து, பந்தலுக்குள் வந்தபின் இறக்கிவிட்டாள். ஜரிகையில் சேறு படவேயில்லை.

இத்தனை பயன்பாட்டுக்குப் பிறகு பந்தலின் நிலையையும் சொல்ல வேண்டும். துணியின் நிறம் வெளுத்துவிட்டது, ஆனால் நீர்காப்பு குறையவில்லை. தையலை மூடியிருந்த பட்டை இரண்டு இடங்களில் உரிந்ததால், தையல் ஓட்டையை அடைக்கும் பசையை உட்புறம் தடவியிருக்கிறோம். கால்களை உயர்த்தித் தாழ்த்தும் துளைகளைச் சுற்றித்தான் துரு முதலில் பிடித்தது. துளையில் செருகும் பூட்டு ஊசி உரசி வண்ணப்பூச்சு தேய்ந்த இடம் அது, கடற்கரையின் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டது. குறுக்குக் கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் மூட்டுகள் வெயிலில் நொறுங்கி, மூன்றை மாற்ற நேர்ந்தது. நனைந்த துணியை ஒருபோதும் மறுநாள் வரை சுருட்டி வைக்க மாட்டோம். டர்பன் கோடையில் பூஞ்சணம் பிடிக்க ஓரிரவே போதும். வீடு திரும்பியதும் கார் கொட்டகையில் விரித்துக் காயவைத்த பிறகே பையில் போடுகிறோம்.

ஒரே ஒரு முறை பயன்படுத்துவோருக்கு வாடகைப் பந்தலே போதும். ஆனால் எடுக்கும்போது கூரையை விரித்துத் தையல்களைப் பாருங்கள், எடைகளையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். குடும்பத்தில் அடுத்தடுத்துத் திருமணங்கள் இருந்தால் விலைக்கு வாங்குவது நியாயம். அப்படி வாங்குவோர் பணத்தைத் துணியில் போடுவதைவிடச் சட்டகத்தில் போடுவது நல்லது, ஏனெனில் துணியைத் தனியே மாற்ற முடியும். நாங்கள் மறுபடி வாங்க நேர்ந்தால் தடித்த அலுமினியச் சட்டகத்தையும், மூட்டுகள் உலோகத்தால் ஆனதையும், உதிரிப்பாகம் உள்ளூரிலேயே கிடைப்பதையும் பார்த்து வாங்குவோம்.