ஒத்தெல்லோ: ஏமாற்றப்பட்டவனா, ஏமாறக் காத்திருந்தவனா?

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில், மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சிதான் நாயகனாக நடிப்பவருக்குச் சோதனைக்களம். மனைவி டெஸ்டிமோனாவை முழுதாக நம்பி மேடையேறும் படைத்தலைவன் ஒத்தெல்லோ, அவள்மேல் சந்தேகத்தை விதைக்கும் தன் கீழதிகாரி இயாகோவோடு காட்சி முடிவில் மண்டியிட்டுப் பழிவாங்கச் சூளுரைக்கிறான். அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது?

1904இல் விமர்சகர் பிராட்லி முன்வைத்த ஒத்தெல்லோ எளிதில் பொறாமைப்படாதவன். அப்படி நடித்தால் மாற்றம் படிப்படியாக வரவேண்டும். டெஸ்டிமோனாவின் காதலன் என்று இயாகோ பழிசுமத்தப்போகும் காசியோ, அவளைவிட்டு விலகிப் போவதைக் கண்டு இயாகோ முணுமுணுக்கும்போது வெறும் ஆர்வம். தன் சொற்களையே இயாகோ எதிரொலிக்கும்போது எரிச்சல். தந்தையை ஏமாற்றித்தானே உங்களை மணந்தாள் என்றதும்தான் முதல் அடி விழுகிறது. முதல் அங்கத்தில் அவள் தந்தை பிரபான்சியோ இதையே சொன்னபோது ஒத்தெல்லோ உதறித் தள்ளினான். அந்த அலட்சியத்தை அங்கே அழுத்திக் காட்டாவிட்டால் இங்கே அடி உறைக்காது. இன்னொரு ஆபத்து, இயாகோ பார்வையாளரைப் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டே இருப்பது. நாயகன் வெறும் முட்டாளாகிவிடுவான்.

1937இல் விமர்சகர் லீவிஸ் காட்டியவனோ தன் பிம்பத்தில் தானே மயங்கியவன். இயாகோவுக்கு அதிக வேலையில்லை, காட்சி விறுவிறுவென நகரும். ஆனால் இங்கேயே கொதித்துவிட்டால், நான்காம் அங்கத்தில் வலிப்பு வந்து விழும் இடத்துக்கு ஏற எதுவும் மிச்சமிருக்காது.

இயாகோ பிறகு பொய்ச் சான்றாக்கும் டெஸ்டிமோனாவின் கைக்குட்டை விழுவது மட்டும் எந்த வழியிலும் கடைசி வரிசைக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் வழியே நாடகத்தோடு ஒட்டுகிறது. இயாகோவை நேர்மையானவன் என்று நம்புவது ஒத்தெல்லோ மட்டுமல்ல; காசியோவும் டெஸ்டிமோனாவும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.