பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும் ஓவர்சீஸ் பீஸ் கட்டுகிறோம்: ஏஜென்டை நம்பிய கதை

துபாய், கத்தார் பக்கம் வேலைக்குப் போய்விட்டு லண்டன் திரும்பி வந்த நம் ஆட்கள், அதுவும் பிள்ளை ஏ லெவல் படிக்கிற வீடுகளில் உள்ளவர்கள், இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

மகள் பிறந்தது லண்டனில், பாஸ்போர்ட் பிரிட்டிஷ். இவருடைய வேலைக்காக துபாய் போய் ஐந்து வருடம் இருந்துவிட்டு 2022 ஜூலையில் திரும்பினோம். ஏ லெவல் இங்கேதான் படித்தாள். 2024 செப்டம்பருக்கு யூனியில் இடம் கிடைத்தது, ஆனால் ஓபர் கடிதத்தில் 'ஓவர்சீஸ்' என்று போட்டிருந்தது, வருடத்துக்கு 23,400 பவுண்ஸ். அந்த வருடம் ஹோம் பிள்ளைகளுக்கு 9,250. ஹோம் பீஸுக்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாதாம், படிப்புக்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டுமாம்.

பதறிப்போய் ஊர்க்காரர் ஒருவர் சொன்ன ஏஜென்டிடம் ஓடினோம். நகைக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ், தேத்தண்ணி எல்லாம் தந்து நல்லாய்த்தான் கதைத்தார். விரலை மடித்து எண்ணிக் காட்டினார். "இருபத்திரண்டு ஜூலையில வந்தனீங்கள், இருபத்தைஞ்சு ஜூலையோட மூண்டு வருசம். இப்ப சேர்த்துவிடுங்கோ அக்கா, செக்கன்ட் இயருக்கு ஹோம் பீஸா மாத்திவிடலாம், அது என்ர பொறுப்பு." அந்தப் பொறுப்புக்கு 350 பவுண்ஸ் வாங்கினார், ரசீது தரவில்லை.

முதல் வருடக் காசுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த காணித்துண்டை விற்றோம். ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் என்ற அரசாங்கப் படிப்புக் கடனும் கிடைக்கவில்லை, அங்கேயும் இதே மூன்று வருடக் கணக்குத்தான்.

2025 செப்டம்பரில் இரண்டாம் ஆண்டுக்கு மாற்றிக் கேட்டபோது யூனியில் இருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளுக்கு முந்தைய மூன்று வருடம் மட்டும்தான் கணக்கு, இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்பென்றால் அந்த நாள் செப்டம்பர் 1. எங்களுக்கு 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே இருந்திருக்க வேண்டும், பத்து மாதம் குறைந்துவிட்டது. உள்ளே போன பிறகு மூன்று வருடம் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் பீஸ் மாறாது. அகதி அந்தஸ்து கிடைப்பது மாதிரிச் சில விஷயங்களுக்கு மட்டும்தான் நடுவில் மாற்றம் உண்டு, அது எங்களுக்குப் பொருந்தாது.

ஒரு வருடம் தள்ளிப்போட்டு 2025இல் சேர்த்திருந்தால் ஹோம். அவ்வளவுதான் விஷயம். பிள்ளை ஒரு வருடம் டெஸ்கோவில் வேலை செய்திருப்பாள், நாற்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். இதை அவர் ஏன் சொல்லவில்லை? ஓவர்சீஸ் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்கு யூனி கமிஷன் கொடுக்கிற வழக்கம் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் விஷயத்தில் வாங்கினாரா என்று கேட்டேன், போன் கட்.

இன்னொன்று. பெற்றோர் ஒப்பந்த வேலைக்காகத் தற்காலிகமாக வெளிநாடு போனதென்று காட்ட முடிந்தால், அந்தக் காலத்தையும் இங்கே இருந்ததாகவே எடுப்பார்களாம். இவருடையது இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பித்த ஒப்பந்தம், இங்குள்ள வீட்டையும் விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டிருந்தோம். ஆனால் யூனிக்கு அனுப்பிய பீஸ் படிவத்தில் அந்த ஏஜென்ட் 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தார்கள்' என்று நிரப்பியிருக்கிறார், நானும் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது என் பிழை, மறுக்கவில்லை.

பெற்றோர் துபாயிலேயே இருக்க, பிள்ளையை மட்டும் ஏ லெவலுக்கு இங்கே அனுப்பி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். படிப்புக்காகவே வந்து இருந்த காலம் என்றால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஓபரை ஏற்கும் முன் யூனியின் பீஸ் பிரிவுக்கு நீங்களே ஈமெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். யூகேசிசா (UKCISA) என்ற அமைப்பின் தளத்தில் விதிகள் எல்லாம் இலவசமாகவே கிடக்கின்றன, நான் 350 பவுண்ஸ் கொடுத்த பிறகு வாசித்தேன்.

தீபாவளிக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் வாழ்த்து வந்தது. கீழே ஒரு வரி: "சின்னவருக்கும் யூனி பார்க்கிற நேரம் வந்திட்டுது என்ன அக்கா?"