பைக்குக்கு ஸ்டீல் பிரெய்டட் பிரேக் லைன்: காசுக்கு ஏத்த பொருளா?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியா தென்மலைக்கு இறங்கும்போது, பின்னால் ஒரு ஆளும் ஒரு பையும் இருந்தால் போதும், ஐந்தாறு வருஷம் ஓடிய பைக்கின் முன் பிரேக் தன் வயசைக் காட்டிவிடும். லிவர் பாதி தூரம் சும்மா உள்ளே போகும், அதுக்கப்புறம்தான் பேட் கடிக்கும். "பிடிச்சா பஞ்சு மாதிரி உள்ள போவுது அண்ணாச்சி" என்று வரும் வண்டிக்கெல்லாம் ஸ்டீல் லைன் போடச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் எல்லாப் பஞ்சுக்கும் காரணம் ஹோஸ் (பிரேக் ஆயில் ஓடும் குழாய்) இல்லை.

கம்பெனி ஹோஸ் ரப்பர்; நடுவில் நூல் பின்னல் இருக்கும். லிவரைப் பிடிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தில் அது கொஞ்சம் உப்பும். லிவரை ஒட்டி இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலே சில சொட்டு அளவுதான் என்பதால், அந்தச் சின்ன உப்பலும் விரலுக்குத் தெரிகிறது. ரப்பர் பழசாகப் பழசாக, வெயிலில் சூடேறச் சூடேற, உப்பல் கூடும். ஸ்டீல் லைனில் உள்குழாய் டெஃப்லான், அதைச் சுத்தி ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல், மேலே பிளாஸ்டிக் உறை. இது உப்புவது மிகக் குறைவு. அதனால் லிவர் சீக்கிரம் கெட்டியாகும், எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். பிரேக்கின் உச்ச பலம் மட்டும் இதனால் அதிகமாகாது. வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதை டயரின் பிடிப்பும் ரோடும்தான் முடிவு பண்ணும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் லிவரை இறுக்கிப் பிடித்து விட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் ஹோஸ் வளையும் இடத்தை ரெண்டு விரலால் சுத்திப் பிடிக்கட்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விரலுக்கடியில் துடிப்பு தெரிந்தால் ஹோஸ் உப்புகிறது, மாத்துவதில் பலன் உண்டு. துடிப்பே இல்லாமல் லிவர் மட்டும் பஞ்சாக இருந்தால் ஆயிலில் ஏர் இருக்கலாம், காலிப்பரின் (சக்கரத்துப் பக்கம் பேட்டைத் தாங்கும் பாகம்) பின் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கலாம். லிவரை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கைப்பிடி வரை இறங்கினால், எங்கேயோ கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போச்சு. இதில் எதையும் ஸ்டீல் லைன் சரி பண்ணாது. புது ஆயில் ஊத்தி ஒழுங்காக ஏர் எடுத்தாலே பல வண்டிகளுக்கு வேலை முடிந்துவிடும்.

குட்ரிட்ஜ், ஹெல், வென்ஹில், கால்ஃபர் எல்லாம் இதில் பேர் பெற்ற வெளிநாட்டுத் தயாரிப்புகள். ரப்பர் ஹோஸைவிட விலை பல மடங்கு. எந்தப் பேராக இருந்தாலும் ஹோஸ் மேல் தர நிர்ணய அடையாளம் அச்சாகியிருக்க வேண்டும்: இந்தியத் தரம் ஐ.எஸ். 7079, அமெரிக்கத் தரம் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 (அதற்கு 'DOT' என்ற முத்திரை). அடையாளமும் இல்லாமல் தயாரிப்பாளர் பேரும் இல்லாமல் வரும் மலிவு லைனைத் தொடவே கூடாது. முனையில் பாஞ்சோவை (போல்ட் நுழையும் வளையம்) அழுத்திப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. அது கழன்றால் முன் பிரேக் மொத்தமாகப் போய்விடும். பாஞ்சோ போல்ட்டில் எம்10 x 1.0, எம்10 x 1.25 என ரெண்டு மரை உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். தப்பானதை ஸ்பேனர் போட்டு ஏத்தினால் காலிப்பர் மரை காலி. கையாலேயே நாலைந்து சுத்து ஏறினால்தான் சரியான போல்ட்.

மாட்டும்போது பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள்; பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊத்த வேண்டும். பாஞ்சோவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷர். ஒற்றை டிஸ்க் வண்டிக்கு மொத்தம் நாலு. நாலும் புதுசாக இருக்கணும். மாட்டின பிறகு வரும் கசிவில் பெரும்பாலானது, நசுங்கின பழைய வாஷரையே திரும்பப் போட்டதால் வருவதுதான். போல்ட் நடுவில் துளை உள்ளது, அதிகமாக இறுக்கினால் முறியும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தக அளவே கடைசி வார்த்தை. லைனை முறுக்கவே கூடாது. டெஃப்லான் ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பு நிமிராது.

ஏர் எடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஏர் மேலே ஏறும் குணமுள்ளது; காலி லைனில் மேலிருந்து பம்ப் அடித்தால் குமிழி கீழே வராமல் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். 50 மில்லி சிரிஞ்சில் புது டாட் 4 ரக பிரேக் ஆயிலை நிரப்பி, காலிப்பர் நிப்பிள் (ஏர் எடுக்கும் திருகு) வழியாக மெதுவாக மேலே தள்ளுங்கள். மேலே ஆயில் டப்பாவில் கடுகு அளவு குமிழிகள் வரிசையாக வந்து நிற்கும். டப்பா நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்கணும். பிறகு வழக்கமான முறையில் (லிவரைப் பிடித்தபடி நிப்பிளைத் திறந்து மூடி) நாலைந்து தடவை பம்ப் அடித்து, கடைசியாக மாஸ்டர் சிலிண்டர் பக்க பாஞ்சோவை ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் கடைசிக் குமிழியும் வந்துவிடும். டாட் 5 சிலிகோன் ஆயில், டாட் 4 உடன் சேராது. 5.1 சேரும்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் முன் பிரேக்குக்கே ரெண்டு லைன்: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏ.பி.எஸ். யூனிட்டுக்கு ஒன்று, அங்கிருந்து காலிப்பருக்கு ஒன்று. யூனிட் வறண்டு உள்ளே ஏர் புகுந்தால் சிரிஞ்சுக்கு வராது, ஸ்கேன் கருவி உள்ள சர்வீஸ் சென்டர்தான் கதி. வாரண்டியில் இருக்கும் வண்டியை முதலில் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முடிந்ததும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க் முழுக்க நீளும்போதும் பாருங்கள். லைன் எங்கும் இழுபடக் கூடாது. உறை கிழிந்த பின்னல் அரம் மாதிரி. மட்கார்டையும் வயரையும் ராவிவிடும். உவரி, கூடங்குளம் பக்கம் கடல் காத்தில் ஓடும் வண்டிக்கு பாஞ்சோவும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே வாங்குங்கள். முலாம் பூசினது துருப் பிடிக்கும்.

கடைசியாக லிவரை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, ரெண்டு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டி தெருவுக்கு வரக் கூடாது. 100 கிலோமீட்டர் ஓடினதும் அதே பேப்பர், அதே சோதனை.