பழுப்பேறும் பாட்டிலோடு இரண்டரை வருடம்

"உன் கன்னத்தில் இருந்த திட்டெல்லாம் எங்கே போச்சு? என்ன போடுகிறாய்?" என்று போன வாரம் ஒரு தோழி கேட்டாள். கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் பதினோராவது வைட்டமின் சி சீரம் பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்திருந்தேன், கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கும்போதே. "அந்தப் பேச்சை எடுக்காதே" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இப்போது கொஞ்சம் கோபம் ஆறியிருக்கிறது. முழுதாக ஆறவில்லை.

என் முகம் வெயிலில் கெட்டதைவிடக் காருக்குள் கெட்டதுதான் அதிகம். வேலை அப்படி, பத்து வருடத்துக்கு மேல் பகலெல்லாம் ஓட்டினேன். ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் ஒரு சாயல் கறுத்து, கன்ன எலும்பின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெயில் படாது என்று நம்பியிருந்தேன். வெயிலின் புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி வகையைத்தான் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும். ஆழத்துக்குப் போய்ச் சுருக்கம் விழவைக்கும் யுவிஏ வகை, பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய ஒருவருடைய முகம். ஒரு பாதியைப் பார்த்தால் மறுபாதிக்கு அப்பா மாதிரி இருக்கும். அதைப் பார்த்த வாரத்தில்தான் சன்ஸ்கிரீனும் சீரமும் சேர்த்து வாங்கினேன்.

நான் போடுவது 15 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி-தான், கூடவே வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம். தினமும் காலையில் முகம் கழுவி நன்றாகத் துடைத்தபின் ஐந்து சொட்டு. முதல் இரண்டு வாரம் சுருக்கென்று எரிந்தது. இந்த அமிலம் தோலுக்குள் இறங்க, புளிப்பின் அளவான பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டேன். 20 சதவீதத்துக்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும், உள்ளே இறங்குவது அதிகமாகாது. ஆகவே பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவில்லை.

பலன் உண்டா? உண்டு. ஆறாவது வாரத்தில் முகத்தில் இருந்த மந்தம் விலகியது. நான்கு ஐந்து மாதத்தில் பொடிப் புள்ளிகள் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கின. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை இது அடக்குகிறது, தோலைத் தொய்யாமல் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதற்கும் துணை நிற்கிறது. எல்லாம் சரி. கண்ணோரச் சுருக்கம் குறைந்ததா என்று கேட்டால், கண்ணாடியைப் பொறுத்தது. இரண்டு பழைய பெரிய திட்டுகள் அசையவே இல்லை. சொரசொரப்பாக இருந்த ஒரு இடத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டினேன். அப்படிப்பட்டதற்கெல்லாம் சீரம் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றார். சொரசொரப்பானது, வடிவம் மாறுவது, ரத்தம் கசிவது எதுவானாலும் முதலில் மருத்துவரிடம்தான்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் புதிதாகக் கேட்க யாரும் மிச்சமில்லை.

30 மில்லி பாட்டில். மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் 600 சொட்டு, நாளுக்கு ஐந்து வீதம் நான்கு மாதம் வர வேண்டும். பத்தாவது வாரத்தில் பழுத்துவிடுகிறது! தண்ணீர் நிறத்தில் இருந்தது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் பழுப்பாகிவிடும். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அஸ்கார்பிக் அமிலம் சிதையும், அது அதன் குணம். இந்தக் குணத்தைத் தெரிந்தே செய்கிறவர்கள் ஏன் தினமும் திறந்து காற்றை உள்ளே விடும் டிராப்பர் பாட்டிலில் அடைக்கிறார்கள்? காற்றுப் புகாத பம்ப் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதே. வெளிச்சம் படாமலிருக்கக் கறுத்த கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அது நியாயம். ஆனால் உள்ளே என்ன நிறம் என்பதும் தெரியாது. முதல் வருடம் முழுக்க எனக்குத் தெரியவில்லை.

தலையணை உறையில் வெளிர் ஆரஞ்சுக் கறை. நகக்கண்ணில் மருதாணி வைத்துப் பாதியில் விட்டாற்போல ஒரு நிறம். முடி தொடங்கும் இடத்தில் ஒரு பட்டை. சோப்பைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன். பிறகு ஒரு நாள் வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிதையும் அஸ்கார்பிக் அமிலத்திலிருந்து எரித்ருலோஸ் என்ற சர்க்கரை உண்டாகும். வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள விற்கும் கிரீம்களில் சேர்ப்பதும் அதே எரித்ருலோஸ்தான். ஆக, கறுப்பு போகக் காசு கொடுத்து வாங்கி, கறுப்பேற்றும் சாயத்தைத் தினமும் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜில் வைத்தேன், மூடியை இறுக்கினேன், பாட்டிலின் அடியில் திறந்த தேதியை எழுதினேன். மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் கூடுதலாக வந்தது. நடுவில் மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்ற சாதுவான வைட்டமின் சி வகைக்கும் மாறிப் பார்த்தேன். எரியவில்லை, பழுக்கவில்லை, என் முகத்தில் ஒன்றும் நடக்கவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது எனக்கே பிடிக்காத கணக்கு. ஒருமுறை சீரம் கிடைக்காமல் ஒரு மாதம் சன்ஸ்கிரீனை மட்டும் போட்டேன். புள்ளிகள் திரும்பி வரவில்லை. வேறொரு முறை சோம்பலில் பத்து நாள் சன்ஸ்கிரீனை விட்டு, சீரத்தை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். ஜன்னல் பக்கக் கன்னம் உடனே பல்லைக் காட்டிவிட்டது.

அதனால் தோழிக்கு என் பதில்: நல்ல பொருள், வாங்காதே. முதலில் சன்ஸ்கிரீனை மூன்று மாதம் விடாமல் போடு, வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடு. அதற்கப்புறமும் ஆசை இருந்தால் 15 மில்லி பாட்டிலாகப் பார்.

என் பன்னிரண்டாவது நேற்று வந்தது. மூடியைத் திறந்ததும் டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டேன். போன பாட்டிலின் பத்தாவது வார நிறம் அப்படியே. திருப்பி அனுப்பும் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் நூறு எழுத்துக்கு மேல் அடிக்க முடியவில்லை.