பாட்டெழுத்தா, குரல் பயிற்சியா? கொங்கு மண்ணிலிருந்து ஒரு ஒப்பீடு

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டே இசையில் பிழைக்க நினைத்தால், மாதாமாதம் காசு வருவது குரல் பயிற்சியில்தான். பாட்டெழுத்தில் எப்போது வருமென்று சொல்ல முடியாது.

ஆனால் பாட்டெழுத்தின் நுணுக்கமே தனி. மெட்டு தத்தகாரமாக, அதாவது ‘தன்ன னானா’ போன்ற பொருளற்ற அசைகளாக வரும். நீளும் சுரத்தில் நெடில் விழ வேண்டும். அங்கே ‘மலர்’ என்று வைத்தால் பாடகர் ‘மலாஆர்’ என்று இழுப்பார், சொல் சிதையும். ‘பூ’ என்றால் தானாக நிற்கும். உச்ச சுரத்தில் ‘ஆ’ திறந்து ஒலிக்கும், ‘ஈ’ பலருக்குத் தொண்டையை இறுக்கும். கொங்கு நாட்டுப்புற ஆட்டமான வள்ளி கும்மிக்கு எழுதிப் பழகுங்கள். அசை பிசகினால் ஆடுகிறவர் காலே காட்டிக்கொடுக்கும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின், திரையரங்குக்கு வெளியே திரைப்பாட்டு ஒலிப்பதற்கான ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரி செல்லாது.

பயிற்சிக்கு ஓர் அறை, சுருதிப்பெட்டி, கீபோர்டு போதும். பெரும்பிழை, ஆசிரியர் தன் சுருதியிலேயே எல்லோரையும் பாட வைப்பது. கட்டை என்பது சுருதியின் அளவு. ஆண்களுக்கு 1 கட்டை (கீபோர்டில் C), பெண்களுக்கு 5 கட்டையை (G) ஒட்டித் தொடங்கி, அவரவர்க்குப் பொருந்துவதைத் தேடுங்கள். குரல் உடையும் வயதுப் பையனுக்குச் சுருதியை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பாட்டை நிறுத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பகலில் வகுப்பு, இரவில் மெட்டுக்குப் பாட்டெழுத்து என்று தொடங்குவதே எங்கள் பரிந்துரை.